இதயத்தசை அழற்சி: சீனர்கள் போட்டுப் பார்த்த கணக்கு

முதலிலேயே டிஸ்கி போட்டுவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்து, வங்கித் தேர்வு எழுதி, ஊர் ஊராக மாற்றலாகி, இப்போது கல்கத்தாவில் குப்பை கொட்டிக்கொண்டிருப்பவன். மருத்துவ ஆலோசனை வேண்டுமென்றால் தயவுசெய்து டாக்டரிடம் போங்கள். பழைய கதை கேட்கப் பிடிக்கும் என்றால் படியுங்கள். என்னைப் போல ஒரு கையில் கஷாய டம்ளரும் இன்னொரு கையில் ஆஸ்பத்திரி ஃபைலுமாக நிற்கிறவர் என்றால் கண்டிப்பாகப் படியுங்கள்.

நாலு வருடத்துக்கு முந்தைய சமாசாரம். பையன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. மூன்று நாள் காய்ச்சல், கூடவே வயிற்றுப்போக்கு. சீசன் காய்ச்சல்தான் என்று பாராசிட்டமாலும் ரசம் சாதமுமாக ஓட்டினோம். காய்ச்சல் விட்டது. ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன், இரண்டாவது மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. "மூச்சு வாங்குதுப்பா" என்றான். காய்ச்சல் அடித்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றேன். அன்றைக்கு ராத்திரி அவனால் மல்லாந்து படுக்க முடியவில்லை. தலையணை மேல் தலையணை கேட்டான். அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். மயோகார்டைடிஸ் என்றார் டாக்டர். தமிழில் இதயத்தசை அழற்சி. பெரும்பாலும் வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னால் வருவது. வைரஸைத் துரத்தப் போன உடம்பின் காவல்படை, இதயத்தின் தசையையும் சேர்த்து அடித்துவிடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் பாதிக்குமேல் வெளியே தள்ள வேண்டும். பையனுக்கு 35 சதவிகிதம்தான் தள்ளியது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வரும்போது நீர் பிரிய ஒரு மாத்திரை, இதயத்தின் சுமையைக் குறைக்க இரண்டு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஓடக்கூடாது, விளையாடக்கூடாது என்ற உத்தரவு. "வைரஸுக்கு மருந்து?" என்று கேட்டேன். "இல்லை. இதயத்துக்கு ஓய்வு கொடுப்போம், அது தன்னைத்தானே சரி செய்துகொள்ள நேரம் கொடுப்போம். பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள்" என்றார்.

"பெரும்பாலானவர்கள்" என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு அப்பன் தூங்க முடியுமா?

இந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து அத்தை மகன் ஃபோன் செய்தார். "மாப்ளே, இங்க சீனங்க மருந்துக்கடையில விசாரிச்சேன். சீனாவுல இந்த வியாதிக்கு ஆஸ்பத்திரியிலயே இங்கிலீஷ் மருந்தையும் நாட்டு மருந்தையும் சேர்த்துத்தான் குடுக்கறாங்களாம். ஒரு வேர் இருக்கு, அனுப்பறேன். கொதிக்க வெச்சுக் குடுத்துப் பாரு." பத்து நாளில் பார்சல் வந்தது. நாக்கு சுத்தம் செய்கிற குச்சியைச் சீவி வைத்தது மாதிரி மஞ்சளும் வெள்ளையுமாகத் துண்டுகள். பெயர் ஹுவாங்ச்சி. மோந்து பார்த்தால் பச்சைப் பயறு வாசனை.

கொடுப்பதா வேண்டாமா? பையன் தூங்கிய பிறகு, அவன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கணினி முன்னால் உட்கார்ந்து படித்த சரித்திரம்தான் இந்தப் பதிவு.

சீனர்கள் இரண்டு மருத்துவத்தையும் சேர்த்தது ஏதோ ஆதிகாலத்து ஞானம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. அது நம் தாத்தா காலத்துச் சங்கதி. அதற்கு முன்னால் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1929 பிப்ரவரியில், நான்கிங்கில் இருந்த சீனக் குடியரசு அரசாங்கத்தின் சுகாதாரக் குழு, பாரம்பரிய வைத்தியத்தையே படிப்படியாக ஒழித்துவிடலாம் என்று தீர்மானம் போட்டது. கொண்டுவந்தவர் யூ யுன்ஷியூ, ஜப்பானில் மேல்நாட்டு மருத்துவம் படித்துவந்த சீனர். மார்ச் 17-ம் தேதி நாடு முழுவதிலுமிருந்து வைத்தியர்களும் மருந்துக்கடைக்காரர்களும் ஷாங்காயில் கூடிக் கொடி பிடித்தார்கள். அரசாங்கம் பின்வாங்கியது. அந்தத் தேதியை அவர்கள் இன்னமும் மறக்கவில்லை.

1949-ல் கம்யூனிஸ்டுகள் வந்தபோது ஐம்பது கோடிக்கு மேல் ஜனம். மேல்நாட்டு மருத்துவம் படித்தவர்கள் சில பத்தாயிரம் பேர், அதுவும் நகரங்களில். நாட்டு வைத்தியர்களோ பல லட்சம், அதுவும் கிராமங்களில். கையில் இருக்கிற காசை வைத்துத்தானே பட்ஜெட் போட முடியும்? 1950-ல் நடந்த முதல் தேசிய சுகாதார மாநாட்டில் இரு தரப்பும் ஒன்றுசேர வேண்டும் என்பது கொள்கையானது. 1955 டிசம்பரில் பெய்ஜிங்கில் பாரம்பரிய மருத்துவத்துக்கென்று ஒரு ஆராய்ச்சிக் கழகம் திறந்தார்கள். ஆங்கில மருத்துவம் படித்த டாக்டர்களை உட்காரவைத்து நாட்டு வைத்தியம் கற்றுக்கொடுத்தார்கள். 1958 அக்டோபரில் மாவோ, சீன மருத்துவம் ஒரு பெரிய பொக்கிஷம், அதைத் தோண்டியெடுத்து மேம்படுத்த வேண்டும் என்று எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு அந்த மருத்துவத்தில் சொந்த நம்பிக்கை இல்லை என்று அவருடைய டாக்டராக இருந்த லி ஸுசுய் 1994-ல் வந்த தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தலைவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது :-)

இந்த ஏற்பாட்டின் ஒரு கிளை நான் இப்போது இருக்கிற ஊருக்கே வந்தது. 1938-ல் ஜப்பானோடு சண்டையிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் போனார்கள். அதில் சோலாப்பூர் டாக்டர் கோட்னிஸை எல்லோருக்கும் தெரியும். 1942-ல், 32 வயதில், அங்கேயே இறந்துபோனார். கூடப் போன வங்காளி டாக்டர் பி.கே. பாசு ஊர் திரும்பினார். பின்னாளில் மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்றுக்கொண்டு, 1959-ல் கல்கத்தாவில் அந்த வைத்தியத்தைத் தொடங்கினார். எம்.பி.பி.எஸ். படித்தவர் கையில் ஊசி வைத்தியம்! இந்தச் சேர்க்கை அன்றைக்கே இங்கே வந்தாயிற்று. திரெட்டி பஜாரில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஆவி பறக்கப் பன் விற்கிற சீனர்களை மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. இது தெரியாமல் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

சரி, இதயத்துக்கு வருவோம். சீனாவில் இதயத்தசையைத் தாக்கிய வியாதிகளிலேயே பெரியது எது தெரியுமா? கெஷான் வியாதி. வடகிழக்கில் ஹெய்லோங்ஜியாங் மாநிலத்தில் கெஷான் என்று ஒரு வட்டம். 1935 குளிர்காலத்தில் அங்கே மளமளவென்று சாவு. நன்றாக இருந்தவர்களுக்கு நெஞ்சு அடைக்கும், மஞ்சளாக வாந்தி வரும், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் சின்னக் குழந்தைகளும்தான் அதிகம் செத்தார்கள். அறுத்துப் பார்த்தால் இதயத்தசை திட்டுத் திட்டாகச் செத்துக் கிடந்தது. அது அப்பட்டமான இதயத்தசை அழற்சி என்று சொல்ல முடியாது, ஆனால் பங்காளி. வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை சீனாவின் குறுக்கே பட்டை போட்டது மாதிரி ஒரு நிலப்பரப்பில் மட்டும் வந்தது. வடக்கே குளிர்காலத்தில், தெற்கே கோடையில். அதுவும் விவசாயிகள் வீட்டில்தான்.

ஊரே சாகிறது, காரணம் தெரியவில்லை. காலகாலமாக ஒருவருக்கொருவர் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு மருத்துவங்களிடமும் இதற்கு விடை இல்லை. விடைக்கான நுனி கிடைத்தது மாட்டுக்கொட்டகையில்! அதே நிலப்பரப்பில் ஆடு மாடுகளுக்கு வெள்ளைத்தசை நோய் என்று ஒன்று வந்தது. அது செலினியம் என்கிற தாது குறைந்தால் வருவது என்று கால்நடைக்காரர்களுக்குத் தெரியும். மண்ணைப் பார்த்தார்கள், தானியத்தைப் பார்த்தார்கள், ஜனங்களின் தலைமுடியைப் பார்த்தார்கள். எங்கும் செலினியம் துளிதான். மண்ணில் இல்லை, அதனால் சோளத்தில் இல்லை, அதனால் ரத்தத்தில் இல்லை. அந்த மண்ணில் விளைவதையே தின்று வாழ்ந்த குடியானவன்தான் மாட்டிக்கொண்டான்.

இங்கேதான் என்னைப் போன்ற கணக்குப்பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் வரும் இடம். காரணம் தெரிந்த மாதிரி இருக்கிறதே, எல்லோருக்கும் மாத்திரை கொடுத்துவிடலாம் என்று அவர்கள் கிளம்பவில்லை. 1974-ல் சிச்சுவான் மாநிலத்தின் மியன்னிங் வட்டத்தில் 1 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வாரம் ஒரு செலினியம் மாத்திரை. மறு பாதிக்கு, அதே மாதிரி இருக்கிற, மருந்தில்லாத மாத்திரை. வருட முடிவில் கணக்குப் பார்த்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 3,985 குழந்தைகளில் 54 பேருக்கு வியாதி. செலினியம் சாப்பிட்ட 4,510 பேரில் 10 பேருக்கு. அடுத்த வருடமும் அப்படியே செய்தார்கள். வெறும் மாத்திரையில் 5,445-க்கு 52. செலினியத்தில் 6,767-க்கு 7. அதற்குமேல் வெறும் மாத்திரை கொடுப்பது பாவம் என்று 1976-ல் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு எல்லோருக்கும் செலினியம் கொடுத்தார்கள். அந்த வருடம் சாப்பிட்ட பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் குழந்தைகளில் வியாதி வந்தது 4 பேருக்கு.

இந்த எண்களை நான் அன்றைக்கு ராத்திரி ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 54. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய பிள்ளை. வெறும் மாத்திரைப் பக்கத்தில் விழுந்த பிள்ளை. அந்தப் பக்கம் இல்லையென்றால் இந்தப் பக்கத்துக்கு அர்த்தமே கிடையாது. ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு லாபம் என்று சொல்கிறவனை எங்கள் ஆடிட்டர்கள் விடமாட்டார்கள். மருத்துவத்தில் மட்டும் அப்படி எழுதுகிறவர்களை நாம் ஏன் நம்புகிறோம்?

செலினியத்தோடும் கதை முடியவில்லை. தாது குறைவு வருடம் முழுக்க இருக்கிறது, வியாதி மட்டும் ஏன் பருவம் பார்த்து வருகிறது? நோயாளிகளின் உடம்பில் காக்ஸாக்கி என்கிற வைரஸ் கிடைத்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றின் பெயரைக் கொண்ட வைரஸ் இது, 1948-ல் கண்டுபிடித்தது. என் பையன் மாதிரி ஆட்களுக்கு இதயத்தசை அழற்சி கொண்டுவருகிற பழைய குற்றவாளிகளில் ஒன்று. 1995-ல் மெலிண்டா பெக், ஆர்வில் லெவாண்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானிகளின் குழு ஒரு சோதனையை வெளியிட்டது. சாதுவான காக்ஸாக்கி வைரஸை, செலினியம் குறைந்த எலிகளுக்குள் விட்டார்கள். எலிகளின் இதயம் வெந்துபோனது. அதைவிட ஆச்சரியம், அந்த எலிகளிலிருந்து எடுத்த வைரஸை நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த எலிகளுக்குக் கொடுத்தாலும் இதயம் கெட்டது. வைரஸின் மரபெழுத்தே மாறியிருந்தது. பசித்த உடம்பில் தங்கி வந்த சாது, வெளியே வரும்போது ரவுடியாகிவிட்டான்!

செலினியம் நல்லது என்று உடனே கடைக்கு ஓடாதீர்கள். அதே சீனாவில் ஹுபெய் மாநிலத்து என்ஷி வட்டாரத்தில் மண்ணில் செலினியம் கொட்டிக் கிடக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் அங்கே ஜனங்களுக்குத் தலைமுடி கொட்டியது, நகம் கழன்று விழுந்தது. குறைந்தால் இதயம், கூடினால் நகம். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் நிற்பது அளவு மட்டும்தான். கெஷான் வியாதி இன்று ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அதற்கு மாத்திரை மட்டும் காரணமில்லை. வெளியூர் அரிசியும் முட்டையும் கறியும் தட்டுக்கு வந்ததும் காரணம்.

சரி, அத்தான் அனுப்பிய வேர் என்ன ஆயிற்று என்கிறீர்களா? வருகிறேன். 1980-களில் ஷாங்காயின் ஜோங்ஷான் ஆஸ்பத்திரியில் யாங் யிங்ஜென் என்ற இதய மருத்துவரின் குழு ஹுவாங்ச்சியைக் கையிலெடுத்தது. இது ஆங்கில மருத்துவ ஆஸ்பத்திரி, நாட்டு வைத்தியசாலை இல்லை. காக்ஸாக்கி ஏற்றிய எலிகளுக்கு இந்த வேரின் சாற்றைக் கொடுத்து 1990-ல் முடிவை வெளியிட்டார்கள். எலிகளின் இதயச் சேதம் குறைந்திருந்தது. பிறகு நோயாளிகளுக்கும் போனது. ஓய்வு, வழக்கமான மாத்திரை, அதோடு ஹுவாங்ச்சி. இன்னொன்று ஷெங்மாய். ஜின்செங் வேர், மாய்தோங் கிழங்கு, வூவெய்ஸி பழம் என்று மூன்று சரக்கு சேர்ந்த, பல நூறு வருடத்துக் கஷாயம். அதையும் ஊசிமருந்தாக்கிச் சீன ஆஸ்பத்திரிகளில் ஏற்றுகிறார்கள். அத்தான் கேட்டுச் சொன்னது வாஸ்தவம்தான். அங்கே நிஜமாகவே இரண்டையும் சேர்த்துத்தான் கொடுத்துவந்திருக்கிறார்கள்.

ஆனால் சேர்த்துக் கொடுத்தது பலித்ததா? காக்ரேன் என்று ஒரு அமைப்பு. உலகத்தில் நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டி ஆடிட் செய்கிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைரஸால் வரும் இதயத்தசை அழற்சிக்கு மூலிகை கொடுத்த சோதனைகளை 2004-ல் பார்த்தார்கள், அதற்கப்புறமும் திருப்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்களும் சீன ஆராய்ச்சியாளர்கள்தான். ஹுவாங்ச்சி போன்ற சிலவற்றில் ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் மேம்பட்ட மாதிரி தெரிகிறது, ஆனால் சோதனைகள் நடத்திய லட்சணம் சரியில்லை, இதை நம்பி உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்தார்கள். வவுச்சர் இருக்கிறது, கையெழுத்து இல்லை என்போமே, அந்த மாதிரி. மியன்னிங் கிராமத்தில் மாத்திரையை எண்ணி எண்ணிக் கொடுத்த அதே நாட்டில், இந்த வேருக்கு மட்டும் அந்த மாதிரி கணக்கு எழுதாமல் விட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இங்கிலீஷ் மருந்துக்காரர்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அழற்சி என்றால் அதை அடக்கும் மருந்து கொடுக்க வேண்டியதுதானே என்று அவர்களும் வருடக்கணக்காக ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 111 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் சோதித்து 1995-ல் முடிவு சொன்னார்கள். கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! வாடிக்கையாக எல்லோருக்கும் கொடுப்பதில் அர்த்தமில்லை என்று எழுதி வைத்தார்கள். கௌரவம் பார்க்காமல் தன் கணக்கில் தானே சிவப்பு மையில் கோடு போடுகிற அந்தப் பழக்கம்தான் முக்கியம். மேற்கு கிழக்கு என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். இதயத்துக்குக் கொடுக்கிற டிகாக்ஸின் மாத்திரையின் பூர்வீகமே இங்கிலாந்தின் ஒரு நாட்டுச்செடி. வில்லியம் விதரிங் என்ற டாக்டர் அந்தச் செடியை நோயாளிகளுக்குக் கொடுத்து, பலித்தது பலிக்காதது இரண்டையும் எழுதி 1785-ல் புத்தகம் போட்டார். அது பாட்டி வைத்தியமாக நின்றுபோகாமல் மருந்தானது அந்தப் புத்தகத்தால்தான்.

சீனாவிலும் அப்படி ஒருத்தர் உண்டு. தூ யூயூ. மருந்தியல் படித்தவர். 1959-லிருந்து 1962 வரை, மாவோ காலத்து ஏற்பாட்டின்படி உட்கார்ந்து நாட்டு மருத்துவம் படித்தார். மலேரியாவுக்கு மருந்து தேடியபோது நாலாம் நூற்றாண்டு ஏட்டில் ஒரு செடியைப் பற்றிய குறிப்பைப் பார்த்தார். அதில் கொதிக்க வைக்கச் சொல்லவில்லை, ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று பிடித்துக்கொண்டார். 1971-ல் சாறு பலித்தது. 1972-ல் நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன் தானே குடித்துப் பார்த்தார். 2015-ல் நோபல் பரிசு. இரண்டு மருத்துவத்தையும் சேர்ப்பது என்றால் இதுதான். பழைய ஏடு கேள்வியைக் கொடுத்தது, புதிய சோதனை பதிலைக் கொடுத்தது.

கணக்கு எழுதாமல் சேர்த்தால் என்ன ஆகும்? 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடம்பு இளைக்கப் போன பெண்களுக்கு மாத்திரையோடு சீன மூலிகைகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வேருக்குப் பதில் பெயரில் நெருக்கமான இன்னொரு வேர் வந்து சேர்ந்தது. வரிசையாகச் சிறுநீரகம் பழுதானது. 1993-ல் விஷயம் வெளியே வந்தது. அந்த வேர் சேர்ந்த குடும்பத்தில்தான் நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் இருக்கிறது. 2006-ல் சீன அரசாங்கமே ஒரு மூலிகை ஊசிமருந்தை, ஆட்கள் இறந்ததும், நிறுத்திவைத்தது.

இப்போது என் வீட்டுக் கதையின் மீதி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஹுவாங்ச்சி பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை. தெரியாத சரக்கு, பயமாக இருந்தது. ஆனால் தெரிந்த சரக்கு ஒன்று இருந்தது. பையனுக்கு இருமல் விடவில்லை. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய டப்பாவில் சுக்கு, சித்தரத்தை, அதிமதுரம் எல்லாம் உண்டு. தங்கமணி தூங்கிய பிறகு நானே அதிமதுரத்தைத் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துத் தினமும் ராத்திரி ஒரு டம்ளர் கொடுத்துவந்தேன். நான் சின்ன வயதில் குடித்தது, என் அப்பா குடித்தது. இதில் என்ன வந்துவிடப்போகிறது? மூன்றாவது வாரப் பரிசோதனையில் டாக்டர், "மாத்திரை தவிர வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை டாக்டர்" என்றேன். கஷாயம் மருந்துக் கணக்கில் வரும் என்றே எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூட முழு உண்மை இல்லை. திட்டுவாரோ என்று இருந்தது.

ரத்தப் பரிசோதனை வந்தது. பொட்டாசியம் 3.1. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். பொட்டாசியம் குறைந்தால் இதயத்துடிப்பு தடுமாறும். ஏற்கெனவே அடிபட்ட இதயத்துக்கு அதைவிட ஆபத்து வேறு இல்லை. நீர் பிரிகிற மாத்திரைக்கே அது கொஞ்சம் குறையும் என்றார், அளவை மாற்றலாம் என்று யோசித்தார். மறுபடி கேட்டார், இந்த முறை என்னைப் பார்க்காமல் பையனைப் பார்த்து. "நைட்டு அப்பா கஷாயம் குடுப்பாரு" என்றான் அவன்.

அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பிலிருந்து பொட்டாசியத்தை இறக்கும். உப்பையும் நீரையும் தேக்கும். நீரை வெளியேற்ற ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு, ராத்திரி நான் அதற்கு எதிராக வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சீன வைத்தியத்திலும் ஏகப்பட்ட கஷாயங்களில் சேர்க்கிற சரக்குதான் இந்த அதிமதுரம். டாக்டர் திட்டவில்லை. "எது எவ்வளவு குறைத்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அதுதான் பிரச்சினை. நீங்கள் சொல்லியிருந்தால் நான் பிரித்திருப்பேன்" என்றார். கஷாயத்தை நிறுத்தினோம், பொட்டாசியம் சேர்த்தார், பத்து நாளில் 4.2. மாத்திரையின் அளவை மாற்ற வேண்டி வரவில்லை.

வீட்டுக்கு வந்து தங்கமணியிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல" என்றாள். அவ்வளவுதான். அது நாலு வருடமாக என் காதில் இருக்கிறது.

ஊரை விட்டு வந்த நம் எல்லோர் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கிறது. அம்மாவோ மாமியாரோ கட்டிக்கொடுத்தது. ஊரில் என்றால் பக்கத்தில் பெரியவர்கள் இருப்பார்கள், எதோடு எதைச் சேர்க்கக்கூடாது என்று ஒரு அதட்டலாவது கிடைக்கும். இங்கே டப்பா மட்டும்தான் வந்தது, அதட்டல் வரவில்லை. டப்பாவைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அதிலிருந்து எடுக்கிறதை எழுதி வையுங்கள், எழுதினதைக் காட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பையன் இப்போது கல்லூரி போகிறான். ஒரு வருடத்தில் எக்கோ 58 சதவிகிதத்துக்கு வந்தது. வங்காளிப் பையன்களோடு சேர்ந்து கால்பந்து ஆடுகிறான், நானும் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருக்கப் பழகிவிட்டேன். அவன் ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தேதி, என்ன சாப்பிட்டான், எவ்வளவு. மாத்திரைக்கு ஒரு பக்கம், கஷாயத்துக்கு ஒரு பக்கம். டாக்டர் இப்போதெல்லாம் அதைத்தான் முதலில் பார்க்கிறார்.

அத்தான் போன மாதம் ஃபோனில் கேட்டார், "அந்த வேரைக் குடுத்தியா மாப்ளே?" என்று. இல்லை அத்தான் என்று சொல்லி, மியன்னிங் கதையை அரை மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த 54 பிள்ளைங்க?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.